மீண்டும் பிலிம் ரோலுக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

சங்கச் செயலாளர் போன் பண்ணி, "இருபது நிமிஷம் பேசுங்கண்ணா. எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க, அரசியல் மட்டும் வேண்டாம்" என்றார். சரி, எனக்குத் தெரிந்த இரண்டே விஷயத்தில் ஒன்றைப் பேசுகிறேன். 1983 முதல் 1986 வரை இங்கே வேதியியல் படித்தவன் நான். பிறகு பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிக் கொடுத்தேன். எனக்குச் சம்பளம் தந்தது வேதியியல், சந்தோஷம் தந்தது போட்டோ. 2005-லிருந்து பதினான்கு வருஷம் டிஜிட்டல் காமிராவில் படம் எடுத்தேன். 2019-ல் அதைத் துடைத்து பீரோவுக்குள் வைத்துவிட்டு மறுபடியும் பிலிம் காமிராவைக் கையில் எடுத்தேன். ஏன் என்று பலர் கேட்டார்கள். அதற்கான பதில்தான் இன்றைய பேச்சு.

டிஜிட்டலைத் திட்டுவதற்காக நான் இங்கே வரவில்லை. பத்திரிகைக்காரருக்கும், காட்டில் புலிக்குக் காத்திருப்பவருக்கும், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்க்கும் டாக்டருக்கும் அது பெரிய வரப்பிரசாதம். என் சொந்தப் படங்களுக்கு, என் வீட்டுக்கு, எது பொருந்தியது என்று மட்டும்தான் சொல்லப் போகிறேன்.

இன்றைய மாணவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். நாங்கள் படிக்கும்போது விடுதியில் யாராவது ஒருத்தனிடம் ஆக்பா க்ளிக் III காமிரா இருக்கும். கறுப்பு டப்பா. அதில் 120 ரோல் போட வேண்டும், மொத்தமே பன்னிரண்டு படம்தான். ரோலுக்கு மூன்று நான்கு பேர் சேர்ந்து காசு போடுவோம். ஆளுக்கு மூன்று படம் என்று கணக்கு. அதனால் "எங்கே நிக்கிறது, வெயில் எந்தப் பக்கம், யார் யார் வர்றாங்க" என்று அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் ஒரு படம் எடுப்போம். எடுத்த பிறகு ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வாரமும் ஒரு சுகம்.

அந்த ரோலும் நம் மலையிலேயே செய்ததுதான். உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டு, 1967-ல் உற்பத்திக்கு வந்தது. பிலிம், போட்டோ பேப்பர், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்கே தயாராயின. பெயர் 'இந்து'. இந்து என்றால் சந்திரன். ஊட்டியில் இந்து நகர் என்று ஒரு பகுதியே உண்டு. அந்த நிறுவனம் 1996-ல் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. 2014-ல் மத்திய அரசு தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து மூட முடிவெடுத்தது.

டிஜிட்டல் காமிராவைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? பிலிம் விற்ற கோடக் கம்பெனியிலேயே வேலை பார்த்த ஸ்டீவன் சாஸன் என்ற இளம் என்ஜினியர். வருஷம் 1975. ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடை. பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் டேப்பில் பதிய 23 வினாடி ஆனது. அந்தக் கோடக்கே 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. இடையில் 2005-ல் ஆக்பாபோட்டோ நொடித்துப் போனது. 2006-ல் கோனிகா மினோல்டா காமிராத் தொழிலையே விட்டது. நிக்கான் அதே வருஷம் தன் பிலிம் காமிராக்களில் பெரும்பாலானவற்றை நிறுத்தியது. நம் ஊரில் கலர் லேப்கள் ஒவ்வொன்றாகச் செல்போன் கடைகளாக மாறின. நானும் காலத்தோடு போனவன்தான்.

அப்படியானால் ஏன் திரும்பினேன்? மூன்று காரணம் சொல்கிறேன்.

முதல் காரணம், எண்ணிக்கை.

2018-ல் என் பெண்ணுக்குக் கல்யாணம். போட்டோ எடுத்த தம்பி நல்ல வேலைக்காரர். முடிந்ததும் பென் டிரைவில் 6,400 படம் கொடுத்தார். "சார், இதுல இருநூறு செலக்ட் பண்ணிக் கொடுங்க, ஆல்பம் போட்டுடலாம்" என்றார். ஒரு படத்தை ஐந்து வினாடி பார்த்தாலும் எல்லாம் பார்த்து முடிக்க ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். சம்பந்தி வீட்டில் பாதி, எங்கள் வீட்டில் பாதி என்று பிரித்துப் பார்த்தோம். செலக்ட் பண்ணி முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் பேரனே வரப் போகிறான் என்ற செய்தி வந்துவிட்டது!

1990-ல் எங்கள் கல்யாணத்துக்கு எடுத்தது மூன்று ரோல். 108 படம். அத்தனையும் என் வீட்டம்மாவுக்கு மனப்பாடம். எந்தப் படத்தில் எந்தப் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார், எந்தச் சித்தி கோபமாக இருந்தார், அந்தக் கோபத்துக்கு என்ன காரணம் என்று வரிசையாகச் சொல்வார்.

முப்பத்தாறு படம்தான் என்று தெரிந்தால் கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. பட்டனை அமுக்குவதற்கு முன்பே, "இது வேணுமா?" என்று ஒரு கேள்வி வருகிறது. தேர்ந்தெடுக்கும் வேலை எட்டு மாதம் கழித்து இல்லாமல் அந்த நிமிஷத்திலேயே நடக்கிறது. இன்னொன்றும் உண்டு. பிலிம் காமிராவின் முதுகில் பார்க்க எதுவும் இல்லை. படம் எடுத்ததும் குனிந்து திரையைப் பார்க்காமல் எதிரில் இருக்கிற ஆளைப் பார்க்கிறோம். அவர் சிரிப்பு முடிவதை முழுசாகப் பார்க்கிறோம்.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்தவர் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி. 1858-ல் அவர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் இருக்கும் கல்வெட்டு வரிசையைக் காகித நெகடிவ்களில் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, பத்தொன்பது அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாகச் செய்தார். ஒவ்வொரு நெகடிவுக்கும் காகிதத்தைத் தயார் செய்து, வெயிலைப் பார்த்து, காத்திருக்க வேண்டும். இன்று செல்போனை ஆட்டினால் பத்து வினாடியில் பனோரமா வந்துவிடும். ஆனால் அந்தக் கல்லை அவர் பார்த்த மாதிரி நாம் பார்ப்போமா?

இரண்டாவது காரணம், கை வேலை. இது வேதியியல்காரன் பேச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிலிமில் இருப்பது ஜெலட்டினில் பரப்பிய சில்வர் ஹாலைடு படிகங்கள். நம் பரிசோதனைச் சாலையில் சில்வர் நைட்ரேட்டில் உப்புக் கரைசலை ஊற்றினால் வெள்ளையாக வீழ்படிவு வருமே, வெளிச்சத்தில் வைத்தால் கறுக்குமே, அதே குடும்பம். வெளிச்சம் ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம் படுகிறது. ஒரு படிகத்தில் நான்கைந்து வெள்ளி அணுக்கள் சேர்ந்தாலே போதும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் டெவலப்பரில் போட்டால் அந்தப் படிகம் முழுவதும் வெள்ளியாகிவிடும். கோடக் 1927-ல் கொண்டுவந்த டி-76 என்ற டெவலப்பரில் இருப்பது மெட்டால், ஹைட்ரோகுவினோன், சோடியம் சல்பைட், போராக்ஸ். நான்கையும் நம் வேதியியல் துறைத் தராசிலேயே நிறுத்துக் கலந்துவிடலாம். கடைசியில் ஹைப்போவில் போட்டால் வெளிச்சம் படாத உப்பெல்லாம் கரைந்து போகும், படம் நிலைத்துவிடும். ஹைப்போவின் இந்தக் குணத்தை 1819-லேயே கண்டுபிடித்து வைத்திருந்தவர் ஜான் ஹெர்ஷல்.

என் வீட்டில் குளியலறைதான் டார்க் ரூம். கதவிடுக்கில் பழைய போர்வையைச் செருகிவிட்டு உள்ளே போனால், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று வெளியிலிருந்து குரல் வரும். நான் போடுகிற கறுப்பு வெள்ளை ரோலுக்கு 20 டிகிரி சூட்டில் ஏழரை நிமிஷம். நம் குழாயில் 20 டிகிரித் தண்ணீர் எங்கே வருகிறது? பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் கட்டியைப் போட்டு, தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு டிகிரி ஏறினாலும் நேரத்தைக் குறைக்க வேண்டும். கழுவி முடித்து, ஈர ரோலைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்து முதல் படத்தைப் பார்க்கிற அந்த நிமிஷம் இருக்கிறதே, இந்த வயதிலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நான் எடுத்த படத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நானே செய்தேன் என்ற நிறைவு எனக்கு டிஜிட்டலில் வந்ததில்லை.

இன்றைய செல்போன் பல படங்களை வேகமாக எடுத்து, அதுவே சேர்த்து, அதுவே வெளிச்சம் கூட்டி, முகத்தையும் மழுமழு என்று ஆக்கி ஒரு படமாகத் தருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எடுத்தது நானா, அதுவா? அந்தக் காலத்திலும் ஸ்டூடியோ அண்ணன் நெகடிவில் பென்சிலால் டச்சிங் செய்து அம்மைத் தழும்பை மறைத்தவர்தான். ஆனால் டச்சிங் செய்த நெகடிவைச் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பென்சில் கோடு தெரியும்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். நெகடிவ் என்பது கையில் பிடிக்கிற ஒரு பொருள்.

1897-ல் சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஆந்த்ரே என்பவரும் அவர் கூட்டாளிகள் இரண்டு பேரும் ஹைட்ரஜன் பலூனில் வட துருவத்துக்குக் கிளம்பினார்கள். மூன்றாம் நாள் பலூன் பனியில் இறங்கிவிட்டது. மாதக்கணக்கில் பனிமேல் நடந்து, ஒரு வெறும் தீவில் மூவரும் இறந்து போனார்கள். 33 வருஷம் யாருக்கும் ஒன்றும் தெரியாது. 1930-ல் அவர்கள் உடல்களும், பக்கத்தில் கழுவாத பிலிமும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் பொறுமையாகக் கழுவி, 240 படங்களில் 93-ஐ மீட்டார். பனியில் சாய்ந்து கிடக்கும் பலூனையும், அதைப் பார்த்தபடி நிற்கும் இரண்டு பேரையும் இன்றும் நாம் பார்க்கலாம். படம் எடுத்தவர் ஸ்ட்ரிண்ட்பெர்க், 25 வயதுகூட நிறையாதவர்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் கதைக்கே வருகிறேன். எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் 2021-ல் கொரோனாவில் போய்விட்டான். பெயர் சொல்லவில்லை, எங்கள் செட்டுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குள் போனவன் வெளியே வரவில்லை. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. பத்து வருஷத்துப் படம் எல்லாம் அவன் செல்போனில் இருந்தது. பூட்டைத் திறக்கிற எண் அவனோடு போய்விட்டது. அவன் பையன் எங்கெங்கோ கொண்டுபோய்க் காட்டினான், திறக்கவில்லை. எனக்குப் போன் பண்ணி, "மாமா, அப்பா காலேஜ்ல படிச்சப்ப எடுத்த படம் ஏதாவது உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டான்.

1985-ல் நாங்கள் ஊட்டிக்கு டூர் போனோம். இந்து ரோல் ஒன்று, பன்னிரண்டு படம். அந்த நெகடிவ் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வெள்ளைத்தாளில் சுற்றி இருந்தது. ஓரத்தில் லேசாகப் பூஞ்சை பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஏழாவது படத்தில் அவன். ஏரிக்கரையில் மப்ளர் சுற்றிக்கொண்டு, யாரோ சொன்ன ஜோக்குக்குத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறான். குளியலறையில் என்லார்ஜரை வைத்துப் பன்னிரண்டு அங்குலத்துக்குப் பெரிதாக்கினேன். தட்டில் டெவலப்பருக்குள் வெள்ளைத்தாள் கிடக்கிறது. சிவப்பு விளக்கில் முதலில் மப்ளர் வந்தது, பிறகு முடி, பிறகு அந்தச் சிரிப்பு. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவன்மேல் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அந்த பிலிமில் பதிந்திருந்தது. அந்த பிலிம் வழியாகத்தான் என் தட்டில் அவன் வந்தான்.

பையனிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எங்கப்பா இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை மாமா" என்றான். இன்று அவர்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது.

இதைச் சொன்னதும், "அப்ப பிலிம்னா அழியவே அழியாதா?" என்று கேட்பீர்கள். அப்படி இல்லை. தமிழின் முதல் பேசும் படம் 1931-ல் வந்த 'காளிதாஸ்'. பிலிமில்தான் எடுத்தார்கள், இன்று ஒரு பிரதிகூட இல்லை. 2003-ல் புனேயில் நைட்ரேட் பிலிம் தீப்பிடித்து எத்தனையோ பழைய படங்கள் எரிந்து போயின. பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால்தான் எதுவும் நிற்கும். ஆனால் நெகடிவுக்கு ஒரு பெருமை உண்டு. பிஸ்கட் டப்பாவில் மறந்து கிடந்தாலும், பாஸ்வேர்டு கேட்காது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே யார் இருக்கிறார் என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும்.

இனி செலவு. மறைக்காமல் சொல்ல வேண்டும். ரோல் விலை, கழுவுகிற கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் கலரில் ஒவ்வொரு படத்துக்கும் காசு ஆகிறது. மாணவர்களுக்கு இது கனமான செலவுதான். கறுப்பு வெள்ளையை நாமே கழுவினால் கொஞ்சம் குறையும். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கிறது, அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. சேர்த்து வைத்து வெள்ளியைப் பிரிக்க வேண்டும். வேதியியல் மாணவர்களுக்கு அதுவே நல்ல பிராஜெக்ட். ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிலிம் கிடைக்குமா என்ற பயம் வேண்டாம். 2004-ல் கடனில் மூழ்கிய இல்போர்டை அதன் மேலாளர்களே வாங்கி நடத்தினார்கள், இன்றும் கறுப்பு வெள்ளை ரோல் வருகிறது. கோடக் 2012-ல் நிறுத்திய எக்டாகுரோம் 2018-ல் திரும்பி வந்தது. 2023-ல் வந்த 'ஓப்பன்ஹைமர்' படத்தை நோலன் பிலிமிலேயே எடுத்தார். அதற்காகவே கோடக் 65 மில்லிமீட்டரில் கறுப்பு வெள்ளை பிலிம் செய்து கொடுத்தது. 2024-ல் பென்டாக்ஸ் கம்பெனி புதிதாக ஒரு பிலிம் காமிராவே வெளியிட்டது. அதில் ஒரு பிரேமைப் பாதியாக்கி எடுப்பதால் 36 படம் ரோலில் 72 வரும். சிக்கனக்காரர்களுக்கு ஏற்றது.

புதிதாக ஆரம்பிக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு சூத்திரம். நல்ல வெயிலில் லென்ஸின் துளையை 16-ல் வையுங்கள். பிலிம் வேகம் 100 என்றால் ஷட்டர் 125-ல், 400 என்றால் 500-ல். மீட்டர் வேண்டாம், பாட்டரி வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு இது பொய்க்காது.

என்னோடு படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும் பரணில், டிரங்குப் பெட்டியில், அப்பாவின் பழைய டைரிக்குள் நெகடிவ் இருக்கிறதா என்று பாருங்கள். "இது என்ன கறுப்பா ஏதோ" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நடுவில் விரல் படாமல் ஓரத்தைப் பிடியுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாமல் காகித உறையில், ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். புளித்த காடி வாசனை வந்தால் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், உடனே நகல் எடுங்கள். அதற்கு டிஜிட்டல் காமிராவையே பயன்படுத்தலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்! உறையின் மேல் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலால் எழுதுங்கள். அந்தப் பெயர்கள் தெரிந்தவர்கள் நம் தலைமுறையோடு முடிந்துவிடுவார்கள்.

முதல்வர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். என்னிடம் ஒரு என்லார்ஜரும், நான்கு தட்டுகளும், இரண்டு டெவலப்பிங் டாங்கும் இருக்கின்றன. வேதியியல் துறையில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை ஒதுக்கித் தந்தால், அத்தனையையும் கல்லூரிக்கே கொடுத்துவிடுகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை நானே வந்து சொல்லிக் கொடுக்கிறேன். பஸ் செலவு என்னுடையது. வருஷத்துக்கு ஒரு ரோல், முப்பத்தாறு படம். இந்தக் கல்லூரியின் அந்த வருஷம் அதில் இருக்கட்டும். வகுப்பறை, விடுதிச் சாப்பாட்டு மேசை, தோட்டக்கார அண்ணன், காண்டீன் அக்கா என்று மாணவர்களே கூடிப் பேசி, எது வேண்டும் என்று முடிவு செய்து எடுக்கட்டும். நெகடிவை நூலகத்தில் வையுங்கள். நாற்பது வருஷம் கழித்து ஒரு பிள்ளை வந்து, "எங்க அம்மா இங்கதான் படிச்சாங்க, அவங்க படம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால், எடுத்துக் காட்ட நம்மிடம் ஒன்று இருக்க வேண்டும்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பின் வரிசையும் பார்க்கிறது.